அவிழாத காப்பும் எட்டுப் புள்ளி ஒன்றும்

செல்லியம்மனுக்குக் காப்புக் கட்டியது பங்குனி நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பத்து நாள் திருவிழா. பத்தாம் நாள் தீ மிதித்து, கூழ் ஊற்றி, காப்பை அவிழ்த்துவிட்டால் மறுநாள் தெரு முழுக்க மீன் குழம்பு கொதிக்கும். அதுவரை யார் வீட்டு அடுப்பிலும் கவுச்சி ஏறக் கூடாது. முட்டை கூடாது, கருவாடு கூடாது, எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம்கூட வெளியே கேட்கக் கூடாது. கயிறு கட்டுவது ஒருத்தர் கையில்தான். கட்டுப்பாடு தெருவுக்கே.

அந்த வருஷம் கயிறு கட்டிக்கொண்டவர் சுப்பிரமணி. எட்டாம் நாள் சாயந்திரம் அவர் கரகத்தைத் தலையில் வைத்து மூன்றாவது வீட்டைத் தாண்டியபோது போலீஸ் ஜீப் வந்தது. ஊரடங்கு, கூட்டம் கூடாதே, கொரோனா என்று மைக்கில் சொன்னார்கள். மேளக்காரர் மேளத்தைப் போட்டுவிட்டுச் சவுக்குத் தோப்புக்குள் ஓடினார். தீ மிதிக்க வெட்டிய குழி வெட்டியபடி கிடந்தது. சுப்பிரமணி மட்டும் நடுத் தெருவில் கரகத்தோடு நின்றுகொண்டிருந்தார். இறக்கி வைக்கச் சொல்லக்கூட ஆள் இல்லை.

"மூணே வாரம். அப்பால ஜாம் ஜாம்னு முடிச்சிக்கலாம்" என்றார் வார்டு மெம்பர் தீனதயாளன்.

மூன்று வாரம் ஆறு வாரம் ஆயிற்று. சித்திரை போய் வைகாசி வந்தது. தீ மிதிக்காமல் காப்பை அவிழ்க்க முறையில்லை. தீ மிதிக்கப் போலீஸ் விடாது. நெம்மேலிக்குத் தெற்கே, கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் இருக்கிற தெரு அது. வாசலில் நின்றால் மீன் வாடை மூக்கில் ஏறும். அந்த வாடையைப் பிடித்துக்கொண்டே எழுபது நாளாகக் கீரையும் கஞ்சியும் தின்றுகொண்டிருந்தார்கள்.

எழுபத்தோராம் நாள், கிராம சுகாதார நர்ஸ் விஜயகுமாரி ஸ்கூட்டியில் வந்து சுப்பிரமணி வீட்டு வாசலில் இறங்கினாள். சுப்பிரமணியின் மருமகள் பிரபாவுக்கு ஏழாம் மாசம் நடந்துகொண்டிருந்தது. பிறந்த ஊர் கருங்குழி. கல்யாணமாகி வந்த மறுவாரமே மாமியார் பூவாயியோடு சவுக்குக்குப் பட்டை உரிக்கப் போனவள். ஐந்தாம் மாசம்வரை உரித்தாள். அதற்குப் பிறகு வேலையே இல்லாமல் போனதால் நின்றாள்.

நர்ஸ் பிரபாவின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் ஏந்தி, கையடக்க மிஷினில் செருகினாள்.

"எட்டுப் புள்ளி ஒண்ணு."

"நல்லதா சிஸ்டர்?" என்றாள் பூவாயி.

"பன்னெண்டுக்கு எட்டு வாங்கிட்டு வந்தா பரீட்சையிலதான் பாஸு. இதுல ஃபெயிலு. ரத்த அளவு பதினொண்ணு இருக்கணும். மாத்திரைய ஒழுங்கா போடு. தினம் ஒரு முட்டை, வாரத்துல ரெண்டு நாள் மீனு. ஆட்டு ஈரல், சுவரொட்டி கெடச்சா விடவே விடாத."

பூவாயி பதறித் தெருவை எட்டிப் பார்த்தாள். "மெல்லப் பேசு சிஸ்டர். காப்பு கட்டி கீது."

"யாருக்கு?"

"தெருவுக்கு."

"தெருவா புள்ள பெக்கப் போவுது?"

நர்ஸ் பிரபாவிடம் திரும்பினாள். "ஒம்போதாம் மாசம் வர்றப்ப கொறஞ்சது பத்து வந்திருக்கணும். இல்லன்னா நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரசவம் பாக்க முடியாது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட அழக் கூடாது."

செங்கல்பட்டு என்றால் பிரபாவுக்குப் பயம். அங்கே கொரோனா வார்டு இருக்கிறது, உள்ளே போனால் புருஷன்கூடக் கிட்டே வர முடியாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சுகாதார நிலையம் என்றால் நடந்து போகிற தூரம். வலியில் கத்தினால் வெளியே நிற்கிற புருஷன் மோகனுக்குக் கேட்கும். அவள் கேட்டது அவ்வளவுதான், கத்தினால் கேட்கிற தூரத்தில் ஓர் ஆள்.

நர்ஸ் ஒரு பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனாள். கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் தருவது. சத்துமாவு, நெய், பேரீச்சம்பழம், இரும்புச் சத்து டானிக். ஸ்கூட்டி சத்தம் அடங்கியதும் பூவாயி பெட்டியைப் பிரித்துக் கூறு போட்டாள். பெரிய கூறு சுப்பிரமணிக்கு. நோன்பு இருக்கிற ஆம்பளை, பகலில் ஒரே வேளை சாப்பாடு, தெம்பு வேண்டாமா? சாயந்திரம் சத்துமாவுக் கஞ்சி, மேலே நெய், தொட்டுக்கொள்ளப் பேரீச்சம்பழம், படுக்கும் முன் ஒரு மூடி டானிக். மிஞ்சியதில் தண்ணீரைக் கலக்கிப் பிரபாவுக்கு. சுப்பிரமணி எதையும் ஒளித்துத் தின்னவில்லை. கிண்ணத்தில் வந்தது, குடித்தார். தட்டுக்கு வருவது எங்கிருந்து வருகிறது என்று ஆம்பளைகள் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

பிரபா மோகனிடம் சொல்லிப் பார்த்தாள். லாரிக்குச் சவுக்கு ஏற்றுகிற ஆள். ஒரு கட்டைத் தனியாகத் தூக்கி லாரி மேல் எறிவான். அப்பா எதிரில் மட்டும் குரல் எழும்பாது.

"நைனா கையில கயிறு கீது பிரபா. வூட்ல கவுச்சி பட்டா அவுருக்குக் கண்ணு பூடும்னு சொல்றாங்கோ."

"எனுக்கு ரத்தம் பூடும்னு சொல்றாங்கோ. இன்னா பண்லாம்?"

"ரெண்டும் போவாத மாதிரி எதுனா பாக்கணும்."

"பாரு. பாத்துகினே இரு."

அவன் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள், விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில், பிரபா சொம்பை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனாள். வெளிக்குப் போகிறவர்கள் எல்லாரும் போகிற இடம்தான். நாலு வரிசை மரம் தாண்டியதும் எண்ணெயில் வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. எண்பத்தேழு நாளாக அந்தத் தெருவில் வராத வாசனை. கால் தன்னால் அந்தப் பக்கம் திரும்பியது.

அடுக்கிய சவுக்குக் கட்டுகளுக்குப் பின்னால் மூன்று செங்கல் அடுப்பு எரிந்தது. பக்கத்தில் முட்டை அட்டைகளோடு ரோஷன் பீவி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் சுலைமானுக்குத் திருப்போரூர் ரோட்டில் ஆடும் கோழியும் அறுக்கிற கறிக்கடை. ஊரடங்கில் கடை பாதி நாள் மூடியே கிடந்ததால் அவள் இங்கே திறந்துவிட்டாள். அடுப்புக்கு எதிரே மணலில் சுண்ணாம்பு வட்டங்கள், ஒரு மீட்டருக்கு ஒன்று. வட்டத்துக்கு ஓர் ஆள். எல்லார் மூஞ்சியிலும் மாஸ்க், எல்லார் கையிலும் சொம்பு. அரைத் தெரு அங்கேதான் நின்றது.

முதல் வட்டத்தில் நின்ற ஆள் இரண்டு மாஸ்க் போட்டு, தலையில் துண்டும் கட்டியிருந்தார். ஆனால் மெம்பர் தீனதயாளனின் தொப்பையை மறைக்கிற அளவுக்கு மாஸ்க் வரவில்லை.

"இன்னா மெம்பரே, இங்க?" என்றாள் பிரபா.

"வயிறு சரியில்லம்மா."

"அதான் டபுள் ஆம்லெட்டு சொல்லி கீறாரு" என்றாள் ரோஷன் பீவி. "நீ இன்னாத்துக்குப் பின்னால நிக்கிற? வயித்துப் புள்ளக்காரி வரிசையில நிக்கிறதா? முன்னால வாம்மா. மெம்பரே, நகரு."

"நான் வெளிக்கி வந்தேன் பாயம்மா" என்று இழுத்தாள் பிரபா.

"எல்லாரும் வெளிக்கித்தான் வந்து கீறாங்க. நான் எதுவும் கேக்கல, நீ எதுவும் சொல்லாத. உப்பு தூக்கலா, கம்மியா?"

பிரபா அவித்த முட்டையை நின்றபடி தின்றாள். மஞ்சள் கரு தொண்டையில் அடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த வட்டத்தில் நின்ற சியாமளா சொம்புத் தண்ணீரை நீட்டினாள். சியாமளாதான் முந்தாநாள் கோயில் வாசலில் நின்று, இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஒரு கட்டுப்பாடு கிடையாது என்று பேசியவள்.

தினம் ஒன்று. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் பிரபா ஒரு தப்புப் பண்ணினாள். மோகனுக்கும் ஒன்று கொண்டு போகலாம் என்று சொம்புக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். மோகன் கொல்லையில் அதைத் தின்றுவிட்டு ஓட்டைத் திரும்பவும் சொம்புக்குள்ளேயே போட்டான். பூவாயி சொம்பைக் கழுவ எடுத்தாள்.

வெள்ளையாக ஓடு கையில் வந்ததும் அவள் போட்ட சத்தத்தில் நாலு வீட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். அவளுக்கு ஊரைக் கூட்டுகிற எண்ணம் இல்லை. வாய் முந்திக்கொண்டது. வந்தவர்கள் ஓட்டைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தங்கள் வீட்டுச் சொம்பு ஞாபகம் வந்தது. தங்கள் வீட்டு ஓடு இல்லை என்று தெரிந்ததும் எல்லாருக்கும் பக்தி வந்தது.

அன்றைக்கே கோயிலுக்கு எதிரே பஞ்சாயத்து. அதற்கும் வட்டம் போட்டார்கள். தோப்பில் நின்று பழகியதால் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அவரவர் வட்டத்தில் கச்சிதமாக நின்றார்கள். பக்கத்துத் தெருவில் ஒருத்தருக்குக் கொரோனா வந்து தெருவைத் தகரம் அடித்து மூடியிருந்தார்கள். அதற்கும் இந்த முட்டைதான் காரணம் என்று ஒரு குரல் வந்தது.

தீனதயாளன் தொண்டையைக் கனைத்தார். "தொண்ணூத்தொம்போது நாளா தெருவே பட்டினி கெடக்குது. ஒரே ஒரு வூட்ல மட்டும் கட்டு மீறிட்டாங்கோ. அதுவும் காப்பு கட்டுன வூடு. பொண்ணு கற்பூரத்துல அடிச்சுச் சொல்லட்டும், துன்னியா இல்லியா?"

"துன்னேன்" என்றாள் பிரபா. "பன்னெண்டு நாளு, பன்னெண்டு முட்ட. கற்பூரத்தக் கொளுத்துங்க, அடிக்கிறேன். அப்டியே அணைக்காம வெச்சிருங்க. எனக்கப்பால மெம்பரு அடிக்கட்டும். அவுருக்கப்பால சியாமளாக்கா."

தட்டில் கற்பூரம் வைத்திருந்தவன் தீப்பெட்டியைத் தேடினான். மடியில் இருந்த தீப்பெட்டி அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

"பெரியவங்கள இழுத்துப் பேசறா பாரு" என்றார் தீனதயாளன். "இந்த மாதிரி வாய் இங்க ஆவாது. காப்பு அவுக்குற வரிக்கும் பொண்ணு தெருவுல இருக்கக் கூடாது. கருங்குழிக்கு அனுப்பிடுங்க."

"எதுல அனுப்புறது?" என்று மோகன் வாயைத் திறந்தான். முதல் தடவையாகப் பஞ்சாயத்தில் பேசுகிறான். "பஸ்ஸு ஓடல. எட்டு மாசம். நடக்கவா வுடுவீங்கோ?"

சுப்பிரமணி அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மஞ்சள் கயிறு கட்டிய கையைத் தூக்கினார். அறுபது வயதுக்கு அந்த மனுஷன் மரம் மாதிரி இருந்தார்.

"எம் மருமவ பண்ணது தப்பு. ஒத்துக்கறேன். ஆனா கவுச்சி துன்னாத்தான் ரத்தம் ஊறும்னு நர்சம்மா சொல்லிகினு கீறாங்களே, அது அத்தவிடத் தப்பு. தொண்ணூத்தொம்போது நாளா நானு கஞ்சியும் கீரையுந்தான். என் ரத்தத்த அந்த மிஷின்ல போட்டுப் பாக்கட்டும். அப்ப தெரியும்."

சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனையில் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. அன்றைக்கு நர்ஸ் வருகிற நாள்.

விஜயகுமாரி மூஞ்சிக்கு முன்னால் கண்ணாடித் தகடு மாட்டிக்கொண்டு இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்துத் திட்டினாள். யாரும் கலையவில்லை. சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று அங்கேயே பிரபாவின் விரலில் குத்தினாள்.

"எட்டுப் புள்ளி ஒம்போது. பரவால்லயே, ஏறியிருக்கு. முட்டை சாப்புட்டியா?"

"சாப்புட்டேன் சிஸ்டர். அதுக்குத்தான் பஞ்சாயத்து."

சியாமளா வட்டத்தை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். "சிஸ்டரு, அப்ப முட்ட துன்னா இந்த மிஷினு காட்டிக் குடுத்துடுமா?"

அப்படியெல்லாம் காட்டாது, நம்பர் ஏற ஆயிரம் காரணம் உண்டு என்று சொல்ல நர்ஸ் வாயைத் திறந்தாள். திறந்தவள் தெருவைப் பார்த்தாள். நாற்பது பேரும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தார்கள். தீனதயாளன் இரண்டு கைகளையும் லுங்கி மடிப்புக்குள் செருகியிருந்தார். நர்ஸ் வாயை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா!" என்றார் சுப்பிரமணி. "மிஷினே சொல்லிடும். வரிசையா வெரல நீட்டுங்க. யாரு சுத்தம், யாரு அசுத்தம்னு பாத்துடலாம். மொதல்ல நானு."

வேண்டாம் மாமா என்று பிரபா சொல்லப் போனாள். அதற்குள் நர்ஸ் குத்திவிட்டாள்.

மிஷின் யோசித்தது. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"பதிமூணுப் புள்ளி ஆறு" என்றாள் நர்ஸ். அவளுக்கே ஆச்சரியம். "இந்தத் தாலுக்காவுல இந்த வயசுல இந்த நம்பர நான் பாத்ததே இல்ல."

பிடித்த மூச்சைத் தெரு ஒரே நேரத்தில் விட்டது.

"பன்னெண்டு முட்டைக்கே எட்டுப் புள்ளி ஒம்போதுன்னா, பதிமூணுக்கு இன்னா துன்னுருப்பாரு?" என்றது ஒரு குரல்.

"கோழிடா. முழுக் கோழி."

"கயித்தக் கட்டிகினு கோழி. நாம கீரையத் துன்னுகினு கெடந்தோம்."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னவர் தீனதயாளன். அவர் முகத்தில் மூன்று மாதமாக இல்லாத நிம்மதி தெரிந்தது.

சுப்பிரமணி மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். தெருவிலேயே கவுச்சியை மனசால்கூடத் தொடாத ஒரே ஆள் அவர்தான். "பொய்யி. ரிப்பேரான மிஷினு. நானு ஒண்ணுமே..."

நர்ஸ் அவர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "பெரியவரே, சாயந்திரத்துல என்னா சாப்புடறீங்க?"

"கஞ்சி. ஏதோ மாவு. நெய்யி ஊத்தி."

"அப்புறம்?"

"பேரீச்சம்பழம். படுக்கறப்ப ஒரு மூடி சிகப்பு டானிக்கு. கை காலு வலிக்குக் குடுத்தா எங்க வூட்டுக்காரி."

"அந்த மாவுப் பாக்கெட்டு மேல ஒரு பொம்பள படம் போட்டிருக்கும். வயிறும் புள்ளயுமா. பாத்தீங்களா?"

"பாக்கெட்ட யாரு பாத்தாங்கோ? கிண்ணத்துல வந்துச்சு."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பூவாயியைப் பார்த்தார். அவள் மாஸ்குக்கு மேல் முந்தானையையும் இழுத்துவிட்டு, கோயில் கோபுரத்தில் எத்தனை பொம்மை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு பிரபாவைப் பார்த்தார். வளையல் அவள் முழங்கைவரை ஏறிக் கிடந்தது. அத்தனை வயிற்றுக்கு அது எவ்வளவு மெல்லிய கை என்று அன்றைக்குத்தான் கவனித்தார்.

இவர்கள் பேசியது ஒரு மீட்டர் தள்ளி நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. ஊரடங்கு அந்தத் தெருவுக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

சுப்பிரமணிக்கு இரண்டு வழி இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியின் மாவைத் தின்றேன் என்று உண்மையைச் சொல்லலாம். கயிறு சுத்தமாக இருக்கும், கட்டுப்பாடும் அப்படியே இருக்கும், மருமகள் தெருவை விட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் தெரு நம்புவதையே சொல்லலாம். பொய் சொல்லாத ஆள் ஒன்றும் இல்லை அவர். சவுக்கு வெட்டப் போகிற இடத்தில் மேஸ்திரியிடம் உடம்பு சரியில்லை என்று எத்தனையோ முறை சொன்னவர்தான். கையில் கயிறோடு மட்டும் சொன்னதில்லை.

"துன்னேன்" என்றார்.

"இன்னாத்த?"

"முட்ட."

"எத்தினி?"

எத்தனை என்று சொன்னால் பதிமூன்றுக்குச் சரியாக வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. "நெறைய."

"அவிச்சதா, ஆம்லெட்டா?" தீனதயாளன் விஷயம் தெரிந்தவராகக் கேட்டார். "ஏன்னா, தோப்..." என்று தொடங்கியவர் இருமி முழுங்கினார்.

சுப்பிரமணி திணறினார். அடுப்பில் வைத்தேன் என்றால் யார் வைத்துக் கொடுத்தது என்று கேட்பார்கள். "பச்சையா."

"அய்யய்யே!" என்றது தெரு.

கவுச்சியைக் கூட மன்னித்திருப்பார்கள். பச்சை முட்டையைக் குடிக்கிற மனுஷனை எப்படி மன்னிப்பது? சியாமளா மணலில் துப்பினாள். மாஸ்க் போட்டிருந்ததை மறந்துவிட்டாள்.

"தப்பு தப்புதான்" என்றார் தீனதயாளன். "கட்டுனவரே தீட்டுப் பண்ணிட்டாரு. அப்ப கயிறு இனிமே கையில நிக்கக் கூடாது. இப்பவே அவுத்து, ஒரு பானை கூழு ஊத்தி முடிச்சிடணும். தீமிதி அடுத்த வருஷம். அம்மாவுக்குத் தெரியும் நம்ம கஷ்டம். சீக்கிரம் ஆவட்டும், மூணு மணிக்குப் படகு வந்துடும்."

"படகுக்கும் காப்புக்கும் இன்னா மெம்பரே?" என்று கேட்டான் மோகன்.

"ஒண்ணுமில்ல. பொதுவாச் சொன்னேன்."

சுப்பிரமணிக்குத் தண்டனையும் போட்டார்கள். நாற்பத்தெட்டு நாள் கவுச்சி தொடக் கூடாது. ஏற்கனவே தொண்ணூற்றொன்பது நாள் தொடாதவர் சரி என்று தலையாட்டினார்.

ஸ்கூட்டியைக் கிளப்புவதற்கு முன் நர்ஸ் மிஷினைத் தூக்கிக் காட்டினாள். "மெம்பர் சார், நீங்களும் ஒரு விரல் நீட்டிட்டுப் போங்களேன்."

"எனுக்கு வெரல்ல புண்ணும்மா."

"எந்த விரல்ல?"

"பத்துலயும்."

அன்றைக்குச் சாயந்திரம் அந்தத் தெருவில் எழுந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கடுகு வெடித்தது. தெருவே ஒரு பெரிய வாணலி மாதிரி பொரிந்தது. ரோஷன் பீவி முதல் முறையாகக் கூடையோடு நடுத் தெருவில் வந்து கூவினாள். தோப்புக்கு வந்த கூட்டத்தில் பாதிகூட அவளிடம் வரவில்லை, எல்லாரும் படகுப் பக்கம் போய்விட்டார்கள். "ஒளிச்சு வித்தப்பதான் யாவாரம்" என்று சலித்துக்கொண்டே பிரபா வீட்டுக்குள் ஒரு பொட்டலம் நீட்டினாள். "சுவரொட்டி. கடையில இன்னிக்கு அறுத்தது. வெந்தும் வேகாம இருக்கறப்பவே எறக்கிடு."

உள்ளே சுப்பிரமணி பூவாயியைக் கேட்டார். கத்தவில்லை. "வயித்துக்காரி மாவ ஏன் எனுக்குப் போட்ட?"

"நோன்புல கீற ஆம்பள மயங்கி வுழுந்தா குடும்பம் இன்னாத்துக்கு ஆவும்? எங்க மாமியாரு அப்டித்தான் பண்ணாங்கோ. நானு ஆறு பெத்தேன். எனுக்கு யாரு மாவு கரைச்சுக் குடுத்தாங்கோ?"

"அதான் ரெண்டு தங்கல."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. பூவாயி அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தள்ளினாள்.

மறுநாள் காலையில் அவள் சத்துமாவுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, நெய்யை ஊற்றி, பிரபாவின் முன்னால் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"குடி."

"சூடா கீது அத்தே."

"ஆறட்டும். நானு நிக்கிறேன்."

தினமும் நின்றாள். கஞ்சிக்கு நின்றாள், முட்டைக்கு நின்றாள், காரப்பொடி மீனின் முள்ளைப் பிரபா எடுத்து முடிக்கிறவரை நின்றாள். மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்றதற்கு, "குமட்டட்டும், முழுங்கிட்டுக் குமட்டு" என்றாள். பிரபா சில நாள், தோப்பில் வட்டத்தில் நின்று தின்றதே நிம்மதி என்று மோகனிடம் முணுமுணுத்தாள்.

ஒன்பதாம் மாசம் பிறந்து ஐந்தாம் நாள் நர்ஸ் வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். சுப்பிரமணி தண்டனைச் சோறு தின்றுகொண்டிருந்தார், ரசமும் அப்பளமும். பக்கத்துச் சட்டிக் குழம்பில் சங்கரா மீன் மிதந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, மூச்சை மட்டும் கொஞ்சம் ஆழமாக இழுத்தார்.

பிரபா விரலை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மோகன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"பத்துப் புள்ளி ரெண்டு."

"பாஸா சிஸ்டர்?" என்றான் மோகன்.

"பாஸு. நம்ம சுகாதார நிலையத்துலயே பாத்துக்கலாம். வலி எடுத்தா எனக்குப் போன் பண்ணு, நடு ரோட்டுல நின்னு கத்தாத."

அட்டையில் எழுதினாள். பிரபா அந்த எழுத்தை எட்டிப் பார்த்து, பத்தையும் இரண்டையும் விரலால் தொட்டாள். பிறகு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பூவாயியின் கையை எட்டிப் பிடித்து இழுத்தாள்.

"இவுங்களுக்கும் ஒரு குத்து சிஸ்டர்."

"அடிப் போடி. எனுக்கு இன்னாத்துக்கு? எனுக்கா புள்ள பொறக்கப் போவுது?"

நர்ஸ் பிடியை விடவில்லை. காய்த்துப்போன விரல், ஊசி இரண்டாம் முறைதான் இறங்கியது. ரத்தம் வெளுத்து வந்தது.

"ஏழுப் புள்ளி நாலு" என்றாள் நர்ஸ். "இதோடயா தெனம் பட்டை உரிக்கப் போனீங்க?" என்று கேட்டாள்.

"மிஷினு ரிப்பேரு" என்றாள் பூவாயி.

சுப்பிரமணி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை, தின்னவும் இல்லை. பிரபா தட்டு ஒன்றை எடுத்துச் சோறு போட்டு, குழம்புச் சட்டியைத் துழாவி, தலைத் துண்டையும் நடுத் துண்டையும் எடுத்து வைத்தாள்.

"எல்லாரும் துன்னட்டும், அப்பால துன்றேன்" என்றாள் பூவாயி.

"உக்காருங்க அத்தே."

"சூடா கீது."

"ஆறட்டும்" என்றாள் பிரபா, இடுப்பில் கை வைக்க இடமில்லாமல் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு. "நானு நிக்கிறேன்."